வாழைப்பெட்டியின் கால் டாலர்



களவு கொடுத்தவனுக்கே தெரியாவிட்டால் அது களவாகாதா? 1974-இல் மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் அரசாங்கம், ஏற்றுமதியாகும் வாழைப்பழப் பெட்டிக்கு 50 சென்ட் வரி விதித்தது. சில மாதங்களில் அது 25 ஆயிற்று. வரியைக் குறைப்பதற்காக யுனைட்டெட் பிராண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி அந்நாட்டு அதிகாரி ஒருவருக்கு 12½ லட்சம் டாலர் கொடுத்தது 1975-இல் வெளியாயிற்று. ஜனாதிபதி லோப்பஸ் அரெயானோ தமது அந்நிய வங்கிக் கணக்குகளைக் காட்ட மறுத்தார். இராணுவமே அவரை நீக்கியது.

கொடுத்தவன், வாங்கியவன் என்று இருவரையே எண்ணுகிறோம். கம்பெனி தன் பையிலிருந்தா கொடுத்தது? வரியில் மிச்சமாவதைக் கணக்கிட்டே கொடுத்தது. 1974 செப்டம்பரில் ஃபிஃபி புயல் அங்கே ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. கூரையிழந்த ஏழை புயலைப் பழித்திருப்பான். கால் டாலரைப்பற்றி அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஏழாம் கற்பனையை மீறியவன் எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவேண்டும். கோழி திருடியவன் கோழியைக் கொடுக்கலாம் (அது கறியாகாதிருந்தால்!). உரியவன் தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடு என்று குருமடத்தில் படித்தோம். பரீட்சையில் எழுத எளிதாயிருந்தது. இங்கோ உரியவன் ஒரு தேசம் முழுவதும். கணக்குப் புத்தகமோ அந்நிய நாட்டில்.