முகம் வரைந்தவரின் தெய்வங்கள்

புனே மாவட்டத்து ரஞ்சன்காவ் மகாகணபதி கோயிலில் கண்முன் இருப்பது ஒரு மூர்த்தி. பத்துத் துதிக்கையும் இருபது கைகளும் கொண்ட ஆதி மூர்த்தி நிலவறையில் மறைந்திருப்பதாக நம்பிக்கை. கண்ணுக்கு எட்டாததை ஓவியத்தில் அடக்கலாமா? அதே மாவட்டத்து மளவலியில் அச்சகம் நடத்திய ஓவியர் ரவிவர்மா (1848–1906) அடக்கலாம் என்றே வரைந்தார். மன்னர்களின் முகங்களைத் தைலவண்ணத்தில் தீட்டிப் பழகிய கை, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் மனித உடலின் கனத்தையும், பின்னணியாக நீரும் மரமும் சூழ்ந்த நிலத்தையும் கொடுத்தது.

தெய்வம் வெறும் பெண்ணாகிவிட்டது என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை உண்டு: முகச்சித்திரம் ஒருவரைத்தான் காட்டும், தெய்வமோ ஒருவருக்குள் அடங்காது. ஆனால் உற்சவருக்குப் பட்டு உடுத்தி அமுது படைக்கும் மரபு மனித வடிவத்தை எப்போது இழிவாக நினைத்தது? கோயில் வாசல் மறுக்கப்பட்டவர்களின் சுவருக்கும் அவரது அச்சகத்துப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றின்முன் விளக்கேற்றியவர்கள் யாரும் அங்கே ஒரு பெண்ணின் சாயலைத் தேடவில்லை.