வரைந்த முகமும் வாய்மையும்

சான்றோர் ஒருவரைப் போற்ற விரும்பும் மனம், அவர்தம் முகத்தைக் காணவும் விரும்புகிறது. இது மனித இயல்பு. ஆனால், அம்முகத்தை அறிந்தார் எவரும் இலர் எனில் என் செய்வது? ஓவியர் ஒருவர் தம் கற்பனையால் ஒரு முகத்தைப் படைத்தளித்தால், அது போற்றுதலா, பொய்யா? ஆசிரியரும் மாணவரும் ஆழ்ந்து எண்ணுதற்குரிய அறவினா இது.

யூத சமயப் பேரறிஞர் மோசஸ் மைமோனிடிஸ், ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவில் பிறந்து 1204-ஆம் ஆண்டில் எகிப்தில் மறைந்தவர். மருத்துவர், சமயச் சட்டங்களைத் தொகுத்தவர், தத்துவ மேதை. தலைப்பாகையும் தாடியுமாக இன்று உலகம் அறிந்துள்ள அவர் உருவம், 18-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் அச்சான நூலொன்றின் வழியே பரவியது. அவர் மறைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்! 1980களில் இஸ்ரேல் நாட்டுப் பணத்தாளிலும் அம்முகம் இடம்பெற்றது. இறைவனுக்கு உடலும் உருவும் இல்லை என்பதைச் சமயக் கோட்பாடாகவே வகுத்தவருக்கு, உலகம் ஓர் உருவத்தை வகுத்துக் கொடுத்தது.

தமிழர்க்கு இது புதிதன்று. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் ஓவியம் 1964-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. கொர்தோபாவில் மைமோனிடிசுக்குச் சிலை எழுந்ததும் அதே ஆண்டில்தான். வெண்ணிற ஆடையும் ஏடும் எழுத்தாணியும் கொண்ட அவ்வோவியத்தையே வள்ளுவரெனக் கண்டு வளர்ந்தவர்கள், ஈப்போவிலும் பேராக்கின் தோட்டப்புறங்களிலும் பலர்.

ஈண்டு ஓர் ஒற்றுமையைக் காணலாம். குறளின் 1330 பாக்களுள் எங்கும் ஆசிரியர் தம் பெயரைச் சொல்லவில்லை. மைமோனிடிசோ, தம் அறநூலொன்றின் முன்னுரையில், உண்மையை யார் கூறினும் ஏற்க வேண்டும் என்கிறார். கூறியவர் பெயரைக் கண்டு வாசகர் கருத்தை வெறுத்துவிடக் கூடாதென்று, தாம் எடுத்தாண்டோர் பெயர்களையும் அங்கு விட்டுவிடுகிறார். சொல்லே நிற்க வேண்டுமென எண்ணியோர்க்கு நாம் முகம் தந்துள்ளோம்.

அவ்வாறாயின் ஓவியர் பொய்யரா? அல்லர். பிறரை நம்பவைத்து ஏய்ப்பதே பொய். ஓவியர் தாம் உணர்ந்த சான்றாண்மைக்கு வடிவம் தந்தார். அது கற்பனை என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமல் விடும்போதுதான் வாய்மை வழுவுகிறது. படமே வள்ளுவரென்று கொண்டுவிட்டால், நூலைவிட ஆடையின் நிறமே பெரிதாகிவிடும். 2019-ஆம் ஆண்டில் காவியுடை அணிந்த வள்ளுவர் படத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் மூண்ட பூசல் இதற்குச் சான்று.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். பேராக் மாநிலத்துப் பால்மரக் காடுகளில் உழைத்து மடிந்தோருள் பலர்க்கு ஒரு நிழற்படம்கூட இல்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு மறைந்தன. இன்று கணினியைக் கேட்டால், நொடிப்பொழுதில் ஒரு முகத்தை வரைந்து தரும். அதற்குச் சட்டமிட்டு, மாலை சூட்டி, 'இவரே எம் பாட்டனார்' எனலாமா?

அன்பு மெய், முகம் மெய்யன்று. வள்ளுவர்க்கும் மைமோனிடிசுக்கும் நூல்கள் உள்ளன. படம் பிழையாயினும் நூல் அவர்களைக் காட்டும். தோட்டத் தொழிலாளிக்கோ எழுதிவைத்த சொல்லும் இல்லை. வரைந்த முகமே அவருடைய முழு வரலாறாகிவிடும். அவரைப் படமெடுத்து வைக்க அன்று எவரும் எண்ணவில்லை என்பதும் வரலாறே. வெறுஞ்சுவர் அதற்குச் சாட்சி. பொய்முகம் ஒன்றை மாட்டி அச்சாட்சியை மறைத்தல் அவர்க்குச் செய்யும் இரண்டாம் அநீதியாகும்.

ஆகவே, வரைதலை விலக்க வேண்டுவதில்லை, மறைத்தலை விலக்குவோம். படத்தின்கீழ், வரைந்தவர் பெயரும் ஆண்டும், 'கற்பனை ஓவியம்' என்ற குறிப்பும் இருக்கட்டும். 'வள்ளுவர் இப்படித்தான் இருந்தாரா?' என வினவும் மாணவனிடம், 'அறியோம். அவர் சொன்னதை அறிவோம்' என்று நூலை அவன் கையில் கொடுப்பது நல்லாசிரியர் கடன்.