ஓரத்தில் நிற்பவன்

திரைப்பட வரலாறு ஒருவரை முன்னோடி என்று குறிக்கும்போது, பின்னால் வந்தவர்கள் அவருடைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள் என்ற அனுமானமும் ஓசையில்லாமல் கூடவே வந்துவிடுகிறது. கேத்லீன் காலின்ஸின் வாழ்க்கை அந்த அனுமானத்துக்கு இடம் கொடுப்பதில்லை. முழுநீளக் கதைப்படம் எடுத்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் மிக முந்தையவர்களுள் ஒருவரான அவர் 1982இல் முடித்த ‘லூசிங் கிரவுண்ட்’, அவர் உயிரோடிருந்தவரை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகவே இல்லை. 1988இல், 46 வயதில், மார்பகப் புற்றுநோயால் அவர் இறந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து, 2015இல்தான் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அது பொதுமக்கள் முன் திரைக்கு வந்தது. அதற்குள், அவருக்குப் பின் வரவேண்டியவர்களெல்லாம் வந்துவிட்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் படத்தைப் பார்க்க வழியே இருந்ததில்லை.

விநியோகம் கிடைக்காததன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. படத்தின் நாயகி சாரா ஒரு தத்துவப் பேராசிரியை. அவள் கணவன் விக்டர் ஓர் ஓவியன். கறுப்பினத்தவர் கதையென்றால் வறுமையும் துப்பாக்கியும் இருக்கவேண்டும் என்று நம்பிய சந்தைக்கு, கோடை விடுமுறைக்கு வீடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு மனவேற்றுமையில் தவிக்கும் இந்தத் தம்பதியை யாரிடம் விற்பது என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், படத்தில் துப்பாக்கியும் இருக்கத்தான் செய்கிறது, கடைசிக் காட்சியில்.

சாரா ஆராய்வது பரவசத்தை, அதாவது தான் என்ற நினைவு நழுவி அந்தக் கணம் மட்டுமே எஞ்சும் மனநிலையை. நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி வாசிக்கும் அவளுக்கு, விக்டர் தூரிகையைத் தொட்டவுடனேயே அடைந்துவிடுகிற அந்த நிலை வாய்ப்பதேயில்லை. அவன் வேறொரு பெண்ணின் பக்கம் சாயும்போது, இவள் தன் மாணவன் எடுக்கும் குறும்படத்தில் நடிக்கப் போகிறாள். துரோகம் செய்த காதலனைச் சுடும் பெண்ணைப் பற்றிய ‘ஃப்ராங்கி அண்ட் ஜானி’ என்ற அமெரிக்க நாட்டுப்பாடல்தான் அதன் கதை. கடைசியில் அந்தப் பாத்திரமாக நின்று அவள் பொய்த் துப்பாக்கியால் சுடுகிறாள். முகத்தில் இருப்பதோ நடிப்பன்று. விக்டர் ஓரத்தில் நின்று பார்க்கிறான். படம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்த விக்டர் அங்கே எதற்கு என்ற கேள்வி எளிதில் விடுவதாயில்லை. பரவசத்துக்குச் சாட்சி தேவையில்லை. இன்னொருவர் பார்க்கிறார் என்ற உணர்வு வந்தாலே அது கலைந்துபோகும் என்பதே அதைப் பற்றி எழுதியவர்களின் பொதுவான எண்ணம். அப்படியிருந்தும் காலின்ஸ் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். பொருள்கள் இருப்பது என்பதே அவை உணரப்படுவதுதான் என்று வாதித்த ஜார்ஜ் பெர்க்லி, பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரிஷ் மெய்யியலாளர், எவருமே பார்க்காத வேளையிலும் உலகம் காணாமற்போகாமலிருக்க, எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளை வைத்துக்கொண்டார். காலின்ஸுக்கு ஒரு கணவன் போதுமானதாக இருந்தது போலும்.

அந்தக் கணவனாக நடித்த பில் கன் தாமே ஓர் இயக்குநர் என்பது இங்கே தற்செயலாகத் தோன்றவில்லை. 1973இல் அவர் எடுத்த ‘கான்ஜா அண்ட் ஹெஸ்’ படத்தைத் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிய நிறுவனம் வெட்டிச் சிதைத்து வேறு பெயர்களில் ஓட்டியது. ஆக, சாரா சுடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர், தம் படம் தாம் எடுத்தபடி பார்க்கப்படாமற்போனதை அறிந்த மனிதர். சாராவுடன் குறும்படத்தில் நடிப்பவராக வரும் டுவேன் ஜோன்ஸ், காலின்ஸ், கன் ஆகிய மூவருமே 1988 ஜூலைக்கும் 1989 ஏப்ரலுக்கும் இடையில் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

காலின்ஸ் 1942இல் பிறந்தது நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில். அவருடைய தந்தை ஃபிராங்க் கான்வெல் பிற்காலத்தில் பள்ளி முதல்வராகவும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் உயர்ந்தவர். அதற்கு முன் அவர் செய்தது சவ அடக்க ஏற்பாட்டாளர் வேலை. இறந்தவரைக் கழுவி, உடுத்தி, முகத்தைத் திருத்தி, உறவினர் வந்து பார்க்கும்படி கிடத்துவது அமெரிக்காவில் அத்தொழிலின் பெரும்பகுதி. பார்க்கப்படுவது தெரியாத ஒருவரைப் பார்வைக்கு ஆயத்தம் செய்யும் வேலை அது. ஒரு குழந்தைப்பருவத்தின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவது முறையன்று என்றாலும், அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் படத்தை நினைக்கையில் இது குறுக்கே வராமலிருப்பதில்லை.

பார்வையாளரே காலின்ஸுக்கு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க் சிட்டி கல்லூரியில் அவரிடம் படித்த ரொனால்ட் கிரே அவரைப் படமெடுக்கத் தூண்டினார், ஒளிப்பதிவும் செய்தார். காலின்ஸ் இறந்தபின் அவருடைய மகள் நினா, ஆய்வகத்திலிருந்து படச்சுருள்களை மீட்டுப் புதிய பிரதி எடுக்கச் செய்தார்; ஒரு டிரங்குப் பெட்டியில் நெடுநாள் கிடந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து 2016இல் சிறுகதைத் தொகுப்பும் வந்தது; 2020இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேடு படத்தைச் சேர்த்துக்கொண்டது. தம் நோயைப் பிள்ளைகளிடமே நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தவர் அந்தப் பெட்டியை ஒருநாள் திறக்கப்படும் என்று எண்ணி விட்டுச்சென்றாரா, அல்லது எழுதி முடித்ததோடு அதன் வேலை தீர்ந்தது என்று மூடி வைத்தாரா என்பதற்கு இரண்டு விடைகளும் சம அளவில் பொருந்துகின்றன. விக்டரைக் காட்சியில் நிறுத்தியவர் முதல் விடையையும், அவன் முகத்திலிருந்து எந்த முடிவையும் சொல்லாமல் படத்தை நிறுத்திக்கொண்டவர் இரண்டாவதையும் ஏற்றிருக்கக்கூடும்.