வால்வைத் திருகும் கை

வேதிப் பொறியியல் படித்த காலத்தில், எங்கள் ஆய்வகத்தில் வெப்பமாற்றியின் முன் நிற்கும் ஒவ்வொரு குழுவிலும் வேலை தானாகவே பிரிந்துவிடும். பையன்கள் வால்வைத் திருகுவார்கள். நாங்கள் அளவீடுகளைக் குறிப்போம். எங்கள் கையெழுத்து அழகு என்பது ஒரு காரணம், நீராவி சுட்டுவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் அக்கறையாகவே சொல்லப்பட்டன. ஆபத்திலிருந்து ஒருத்தியை விலக்கி வைப்பது அறமா?

1984 டிசம்பரில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வடிவமைப்பில் இரண்டுமே இருந்தன. தாளில் இருக்கும் ஆலை வேறு, ஓடும் ஆலை வேறு என்பதைக் கற்கத்தான் ஆய்வகம். பம்பின் அதிர்வு மாறுவதும் வால்வு இறுகிப்போவதும் தொட்டுப் பழகியவளுக்கே சட்டென்று புரியும். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல அந்த அறிவு மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும். ஆனால் அந்த அறிவே இல்லாதவளுக்கு, எப்போது சொல்வது என்றே தெரியாது.

பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் முதல் ஆலையை வடிவமைத்த மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ, 1937இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற வேதிப் பொறியாளர். அவரைக் கொண்டாடும் வகுப்பறைகள் தம் மாணவிகளிடம் நோட்டை மட்டும் நீட்டுவது என்ன நியாயம்?

ஆபத்து உண்மைதான். அதற்கு மருந்து எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, எங்கள் கைக்கும் பொருந்தும் கையுறை. ஆய்வகத்துக்குப் போகும் தங்கைகளே, ரெக்கார்டை முறைவைத்து எழுதுங்கள். வால்வையும் முறைவைத்துத் திருகுங்கள்.