நடந்த கால்களும் நின்ற கால்களும்

திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு மலையை வலம் வந்தேன். 14 கிலோமீட்டர் தூரம். இந்திர லிங்கத்தில் தொடங்கி, ஈசான்ய லிங்கத்தைக் கடந்து, ராஜகோபுரத்தின் முன் வந்து நின்றபோது பொழுது புலர்ந்துவிட்டது. கால் வலித்தது, வீங்கவில்லை. அறுபதைத் தாண்டிய உடம்பைப் பற்றிச் சிறிது கர்வம்கூட உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்று முற்பகல், ஊர் திரும்புமுன் வீட்டுக்கு ஒரு சேலை வாங்கலாமென்று ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தேன். சேலைகளை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பேசிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்த்துக்கொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“என்னம்மா, நீயும் ராத்திரி மலை சுத்தினியா?” என்றேன்.

“இல்லீங்க ஐயா. நான் எங்கே நடந்தேன்? நின்னுக்கிட்டேதான் இருக்கேன்.”

அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் வேட்டிக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். “உட்கார்ந்தால் என்ன?” என்று கேட்டேன். அவள் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

இரவெல்லாம் நடந்த கிழவனின் கால் நன்றாக இருக்கிறது. நான்கடிக்கு மேல் நகராத இளம்பெண்ணின் கால் வீங்குகிறது. இது என்ன நியாயம்?

இதயத்தை உடம்பின் அரசனென்று எண்ணிப் பழகிவிட்டோம். அது செய்யும் வேலையும் அப்படிப்பட்டதுதான். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஆனால் உடம்பில் இருக்கும் இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார். இத்தனை இரத்தத்தை உண்ணும் உணவிலிருந்து மணிக்கு மணி புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே போன இரத்தமே திரும்பி வர வேண்டும். மலை சுற்றுகிறவன் புறப்பட்ட இடத்துக்கே வருவதுபோல, அதுவும் சுற்றி வருகிறது.

போகும்போது இதயம் தள்ளுகிறது. நுரையீரலில் பெற்ற பிராணவாயுவைச் சுமந்து, மயிரிழையினும் மெல்லிய குழாய்களை அடைந்து, அங்கே அதைக் கொடுத்துவிட்டுக் கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும்போது அந்த வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பாதத்திலிருந்து மார்பு வரை நாலடி ஏற வேண்டும். யார் ஏற்றுவது?

கெண்டைக்கால் ஏற்றுகிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதன் தசை இறுகி, உள்ளேயிருக்கும் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய இரத்தம் கீழே விழாதபடி சிரைகளுக்குள் சின்னஞ்சிறு கதவுகள் உண்டு. மருத்துவர்கள் இந்தத் தசையை இரண்டாவது இதயம் என்றே சொல்வதுண்டு. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. நடக்கத் தொடங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நின்றுகொண்டே இருந்தால், குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதையில் தங்குகிறது. அதை வடித்துக் கொண்டுபோக நிணநீர்க் குழாய்களால் இயலாமற் போகிறது. வீக்கம் அதுதான். ஆண்டுக் கணக்கில் நிற்பவர்களுக்கு அந்தக் கதவுகள் தளர்ந்து, நாம் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோமே, அந்த வியாதியும் வரலாம்.

ஆக, அரசன் தனியாக ஆளவில்லை. கடைக்கோடியில் மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும் கால் ஒத்துழைக்காவிட்டால் அரசனுக்கே இரத்தம் குறைகிறது.

கேரளத்தில் கோழிக்கோட்டுப் பெண்கள் போராடினார்கள். அங்கே 2018-இல் சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, பணியாளருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்றாயிற்று. மனிதன் உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

சட்டத்துக்கு ஸ்டூல் வந்துவிட்டது. பின் அவள் ஏன் நிற்கிறாள்? முதலாளியைக் குறை சொல்வது சுலபம். “வருகிறவர்கள் மரியாதை எதிர்பார்க்கிறார்களே” என்பார் அவர். அது பொய்யுமல்ல. ஒரு சமயம் ஓர் அலுவலகத்தில், என்னைக் கண்டு எழுந்திராத குமாஸ்தாவைப் பற்றி வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் பொருமியவன் நான். அந்தப் பெண்ணின் கணுக்கால் வீக்கத்தில் என் பங்கும் இருக்கிறது.

கஷ்டம் உயர்ந்ததுதானே, ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த நாடல்லவா இது என்று கேட்கலாம். நானும் கஷ்டப்பட்டுத்தான் மலை சுற்றினேன். ஆனால் களைத்த இடத்தில் உட்கார்ந்தேன். சுக்குக் காப்பி குடித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. தானே ஏற்றால் அது தவம். பிறர் சுமத்தினால் அதற்குப் பெயர் தண்டனை. அவள் செய்த குற்றம் என்ன?

“நீ உட்காரம்மா, நானே விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

“ஐயோ, வேண்டாங்க ஐயா” என்று பதறினாள். ஒரு நாள் வந்து போகும் என் இரக்கம் அவளுடைய வேலைக்கு உலை வைத்தாலும் வைக்கும் என்று எனக்குப் புரிந்தது. பேசாமல் சேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை ஏதாவதொரு கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம்மைக் கண்டு அவசரமாக எழுந்தால், முதலாளி காதிலும் விழும்படி “உட்காருங்கள்” என்று நாம் சொல்லலாம். சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. அதன் மேலிருக்கும் வேட்டிக் கட்டை இறக்கிவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.