செவி கூறும் சான்று

தமிழாசிரியர் எவரும் ஒருமுறையேனும் வகுப்பில் விளக்கியிருக்கக்கூடிய சொற்கள் மூன்று உள. உள்ளத்தில் வஞ்சம் இன்மை உண்மை. வாய்ச்சொல் வழுவாமை வாய்மை. மெய்யாகிய உடம்பின் செயல் பிறழாமை மெய்ம்மை. இவ்வாறு பிரித்துக் காட்டுங்கால் மாணவர் மகிழ்வர், நாமும் மகிழ்வோம். ஆயினும் இப்பகுப்பினுள் எளிதில் அடங்காத ஒருவரை நாள்தோறும் காண்கிறோம். அவர் உள்ளத்தில் வஞ்சம் இல்லை. உள்ளத்தில் பட்டதையே அவர் வாய் கூறுகிறது. கூறியபடியே நடக்கவும் செய்கிறார். ஆனால் அவர் கூறும் பொருள் மட்டும் உலகில் இல்லை. இவரைப் பொய்யர் என்று தள்ளலாமா? வாய்மையாளர் என்று கொள்ளலாமா?

இவ்வினாவை வீட்டுக் கூடத்தில் இருக்கும் இசைப்பெட்டி ஒன்றைக் கொண்டு ஆராய்வது எனக்கு எளிதாகத் தோன்றுகிறது. பழைய இசைத்தட்டுகளையும் குறுவட்டுகளையும் போற்றி வைத்துக் கேட்போரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இசை செம்மையாக ஒலிக்க வேண்டுமாயின் முதலில் மின்சாரத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்பதே அது. இதன்பொருட்டு மின்னழுத்தச் சீராக்கிகளும் மின்வடிகட்டிகளும் விற்கப்படுகின்றன. பெருக்கிக்குக் கொடுத்த விலைக்கு நிகரான விலையை இவற்றிற்கும் கொடுப்பார் உளர்.

இந்நம்பிக்கை முழுதும் வெறுங்கற்பனை அன்று. மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் முன்னர் 240 வோல்ட்டு என்று குறிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட்டு என்று குறிக்கப்படுகிறது. இதற்கு மேலே நூற்றுக்குப் பத்தும் கீழே நூற்றுக்கு ஆறும் விலகலாம் என்பது விதி. ஆகவே 216 முதல் 253 வரை எவ்வளவு வந்தாலும் அது முறையான மின்சாரமே. குளிர்பதனப் பெட்டி இயங்கத் தொடங்கும் நொடியில் விளக்கொளி சற்றே மங்குவதை யாவரும் கண்டிருப்போம். தோட்டத்துக்குச் சொந்தமான மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடிய நாள்களில் விளக்குகள் ஏறியும் இறங்கியும் எரிந்ததை மூத்தோர் மறந்திரார். இவற்றிற்கெல்லாம் மேலாக மின்னல் இருக்கிறது. இடிமின்னல் மிகுந்த உலகப் பகுதிகளுள் நம் தீபகற்பமும் ஒன்று.

சீராக்கியின் வேலையும் விளங்காத மந்திரம் அன்று. ஒரு வகையில், சிறு மோட்டார் ஒன்று கம்பிச்சுருளின் மேல் கரித்துண்டை நகர்த்தி, வரும் அழுத்தம் குறைந்தால் கூட்டியும் கூடினால் குறைத்தும் கொடுக்கிறது. மற்றொரு வகை ‘டக்’ என்னும் ஓசையுடன் இணைப்பை மாற்றி அதே வேலையைச் சற்றுக் கரடுமுரடாகச் செய்கிறது. மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியினுள் துத்தநாக ஆக்சைடினால் ஆன சிறு வில்லை ஒன்று உண்டு. வழக்கமான அழுத்தத்தில் அது மின்னோட்டத்துக்கு வழிவிடாது. வரம்பு கடந்த அழுத்தம் தாக்குங்கால் வழிதிறந்து, அதனைத் தன் வழியே கழித்துவிடும். ஒவ்வொரு தாக்குதலிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஒருநாள் பயனற்றுப் போகும். அதன் பெருமையை அறிவிப்பார் எவரும் இல்லை.

கருவியைக் காத்தல் என்னும் அளவில் இவை தம் விலைக்குத் தக்க பயனைத் தருகின்றன. சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. இப்பெட்டியை இணைத்த பின் பாடகர் குரல் தெளிந்தது, வீணையின் நாதம் விரிந்தது என்று கூறுவது வேறு வகைக் கூற்று. பெருக்கியின் உட்புறத்தை நோக்கினால் இதனை ஐயுறக் காரணம் உண்டு. வினாடிக்கு 50 முறை ஊசலாடி வரும் மின்னோட்டத்தை, வழக்கமான அமைப்பில், உள்ளிருக்கும் மின்மாற்றி முதலில் குறைந்த அழுத்தத்துக்கு இறக்குகிறது. டயோடுகள் அதனை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்பொழுது வினாடிக்கு 100 முறை எழுந்து விழும் அலையை, பெரிய மின்தேக்கிகள் ஏரி வெள்ளத்தை ஏற்பதுபோல் ஏற்றுச் சமன் செய்கின்றன. நுண்ணிய குறிகளைக் கையாளும் முற்பகுதிக்கெனத் தனிச் சீராக்கியும் பெரும்பாலும் உள்ளேயே அமைந்திருக்கும். சுருங்கக் கூறின், வெளியில் வாங்கும் பெட்டி செய்ய முனையும் வேலையின் பெரும்பகுதியைக் கருவியைச் செய்தவர் உள்ளேயே செய்து முடித்திருக்கிறார். அவர் வேலையில் குறை இருப்பின் வெளிப்பெட்டி உதவலாம். குறை இல்லையெனில் உதவுவதற்கு மிச்சம் ஏதும் இல்லை. இசைத்தட்டைச் சுழற்றும் ஒத்தியங்கு மோட்டாரின் வேகத்தைக்கூட அழுத்தம் முடிவு செய்வதில்லை. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணே முடிவு செய்கிறது.

இங்கு ஒரு சொல்லைக் குறிப்பிட வேண்டும். இப்பெட்டிகளை விற்போர் ‘அழுக்கான மின்சாரம்’, ‘தூய மின்சாரம்’ என்று பேசுவர். அழுக்கு, தூய்மை என்னும் சொற்களைக் கேட்டவுடன் நம் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. தூயது என்று கூறப்பட்ட பின் அதனை மாசுடையதாகக் கேட்க யார் செவி துணியும்? சொல்லின் ஆற்றலைப் பிறர்க்குக் கற்பிக்கும் நாம், அது செவிக்கு முன்னே சென்று தீர்ப்பு எழுதிவிடும் இவ்விடத்தையும் அறிந்திருத்தல் நன்று.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இத்தகைய பெட்டி ஒன்றை வாங்கி, வந்தவர்க்கெல்லாம் அதன் பெருமையை விளக்கி வந்தார். அவர் சொல்லை நம்பி வாங்கினோர் இருவர். அவர் தங்கை மகன் மின்பணி செய்பவன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “மாமா, கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றான். நண்பர் முகம் சுருங்கியது. “நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா?” என்று கேட்டார். பின்னர் ஒருவாறு உடன்பட்டார்.

அவன் புதிதாக ஒன்றையும் செய்யவில்லை. கேட்பவர்க்கும் சோதனையை நடத்துபவர்க்கும் எது எது என்று தெரியாதவாறு ஒலிக்கருவிகளை ஒப்பிடும் முறையை, டேவிட் கிளார்க் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1982ஆம் ஆண்டு ஒலிப்பொறியியல் கழக ஆய்விதழில் விரித்து எழுதியிருக்கிறார். ஒலியளவை நுட்பமாகச் சமன் செய்தல் அதில் முதற்கடமை. ஏனெனில் ஒலி இம்மியளவு கூடினாலும் செவி அதனை இனிமை என்றே கொள்ளும். வீட்டில் நடந்தது அதன் எளிய வடிவம். திரைக்கு அப்பால் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, பெட்டியின் வழியாகவோ நேராகவோ மின்சாரம் இணைக்கப்பட்டது. ஒரே பாடல் பத்து முறை ஒலித்தது. நண்பர் ஆறு முறை சரியாகவும் நான்கு முறை தவறாகவும் கூறினார்.

“ஆறு பெரிதா, நான்கு பெரிதா?” என்று அவர் கேட்டார். மருமகன் தாளும் எழுதுகோலும் எடுத்தான். பத்து முறை கண்மூடித்தனமாக ஊகித்தாலே, ஆறோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு நூற்றுக்கு 38 அளவு வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வந்திருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். அப்பொழுது கணக்கே நண்பர் பக்கம் பேசியிருக்கும். இவற்றையெல்லாம் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்த நண்பர், “எது ஓடுகிறது என்று தெரிந்து கேட்டால் தெளிவாகக் கேட்கிறது, தெரியாமல் கேட்டால்தான் மயங்குகிறது” என்றார். இதனினும் நேர்மையான சொல்லை நான் கேட்டதில்லை. அவர் கேட்ட தெளிவு மெய்யாகவே அவருக்குக் கேட்டது. அது கம்பியின் வழியே வரவில்லை, அவ்வளவே.

நெஞ்சறியப் பொய் கூறுவானை அந்நெஞ்சே வருத்தும் என்பது வள்ளுவம். ஆனால் நண்பர் நெஞ்சு அவரை வருத்தவில்லை. வருத்தக் காரணமும் இல்லை. எனினும் பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் மற்றோர் அளவும் வைத்திருக்கிறார். அவ்வளவால் நோக்கின், அவர் சொல்லை நம்பி இரண்டு குடும்பத்தார் பணம் செலவிட்டனர் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஆங்கிலக் கணித அறிஞர் கிளிஃபோர்டு 1877ஆம் ஆண்டு இவ்வினாவையே எழுப்பினார். பழுதான கப்பலின் உரிமையாளன் ஒருவன், தன் ஐயங்களைத் தானே அடக்கி, கப்பல் உறுதியானது என்று மனமார நம்பி, மக்களை ஏற்றி அனுப்புகிறான், கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பியது மெய்யே; ஆயினும் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்று அவர் மேலும் கூறுகிறார். இதற்கு 1896ஆம் ஆண்டு மறுமொழி கூறிய அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சான்று கிடைக்கும்வரை காத்திருக்க இயலாத நம்பிக்கைகளும் வாழ்வில் உண்டு என்றார். ஆனால் அவர் தந்த அவ்வுரிமை, அறிவினால் முடிவு காண இயலாத வினாக்களுக்கே உரியது. ஒரு திரையும் ஒரு நாணயமும் ஒரு பிற்பகலும் இருந்தால் முடிவு காணத்தக்க வினாவுக்கு அது பொருந்தாது.

கிளிஃபோர்டின் கண்டிப்பு முழுவதையும் நான் ஏற்கவில்லை. தம் கூடத்தில் தனியே அமர்ந்து, பெட்டியின் நீல விளக்கைப் பார்த்துப் பாடல் இனிக்கிறது என்று மகிழ்பவரிடம் சான்று கேட்பது பண்பற்ற செயல். அம்மகிழ்ச்சி அவருக்குரியது. “நீயும் வாங்கு” என்று அவர் கூறும் கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. துய்ப்பவராய் இருந்தவர் அக்கணம் முதல் சான்றாளர் ஆகிறார். சான்றாளர்க்கு உள்ளத்தூய்மை மட்டும் போதாது. தம் புலனைச் சோதித்துப் பார்த்தலும் அவர் கடமையுள் அடங்கும். வாய்மை என்னும் சொல்லை வகுப்பில் விளக்குங்கால் இப்பகுதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம் என்று எண்ணுகிறேன்.

ஆசிரியராகிய நாமோ நாள்முழுதும் சான்றாளர்கள். ஒரு கட்டுரைத் தாளின் தலைப்பில் வகுப்பின் முதல் மாணவியின் பெயர் இருந்தால், தெளிவற்ற வரியும் ஆழமுடையதாகத் தோன்றும். குறும்புக்காரன் பெயர் இருந்தால், நல்ல வரியும் எங்கிருந்தோ எடுத்ததாகத் தோன்றும். மதிப்பெண் இடும் ஆசிரியர் வஞ்சகர் அல்லர். தாளில் கண்டதையே எழுதுகிறார். அரசுத் தேர்வுகளில் பெயருக்கு மாற்றாக எண்ணை இடுவதன் காரணம் இதுவே. ஆனால் பள்ளி அளவில் நடக்கும் கட்டுரைப் போட்டிகளில் இதனைக் கடைப்பிடிப்பவர் மிகுதி என்று கூற இயலாது.

எங்கள் பள்ளியில் போட்டித் தாள்களின் பெயர்ப்பகுதியை மடித்து ஒட்டிய பின்னரே திருத்தக் கொடுப்பது என்று முடிவு செய்தபொழுது, மூத்த ஆசிரியை ஒருவர் என் அறைக்கு வந்தார். “இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்மேல் நம்பிக்கை இல்லையா, ஐயா?” என்று கேட்டார். நண்பர் தம் மருமகனிடம் கேட்ட கேள்வியும் இதுவே. “உங்கள் நேர்மையை எவரும் ஐயுறவில்லை, டீச்சர், கண்ணைத்தான் சற்று மூடச் சொல்கிறோம்” என்றேன். என் விடை அவரை முழுதும் அமைதிப்படுத்தியதாகத் தெரியவில்லை. எனினும் அவ்வாண்டு தாள்களை மடித்து ஒட்டும் பணியைத் தாமே செய்வதாகக் கூறி, பசைப்புட்டியை எடுத்துச் சென்றார்.