அரச தேவையும் அறமும்: ‘அன்ரிகனி’ நாடகம் பற்றி ஒரு நோக்கு

ஆட்சி நடத்துவோன் சில வேளைகளில் அறத்துக்கு மாறானதைச் செய்தேயாகவேண்டும் என்னும் கருத்து அரசியற் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவருவதாகும். அக்கருத்தின் வலுவையும் வரம்பையும் ஒருங்கே சோதித்த துன்பியல் நாடகங்களுள் தலையாயது, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துச் சோபோக்கிளிஸ் இயற்றிய ‘அன்ரிகனி’ எனலாம்.

தீப்ஸ் நகரின் அரசுரிமைக்காகப் பொருத சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். ஆட்சியேற்கும் மாமன் கிறியோன், நகரைக் காத்த எற்றியோக்கிளிசுக்கு ஈமக்கடன் செய்வித்து, அந்நியப் படையுடன் வந்த பொலினைசிசின் உடலைப் புதைக்கலாகாது என ஆணையிடுகின்றான். ஆணையை மீறிச் சகோதரனின் உடல்மீது மண் தூவிய அன்ரிகனி உயிரோடு குகையில் அடைக்கப்படுகின்றாள்.

கிறியோனை வெறுங் கொடுங்கோலனாகக் கொள்வது பொருந்தாது. காத்தவனும் தாக்கியவனும் ஒரே மதிப்பைப் பெறின் நகர்மீது பற்று எதற்கு என்னும் அவனது வினா புறக்கணிக்கத்தக்கதன்று. துரோகிகளை அற்றிக்கா மண்ணிற் புதைக்கலாகாது என்னும் வழக்கம் ஏதென்சிலும் இருந்தது. ஜேர்மனிய மெய்யியலாளர் ஹேகல், குடும்பத்தின் உரிமை, அரசின் உரிமை ஆகிய இரு நியாயங்களே இங்கு மோதுகின்றன என்றும், ஒன்று மற்றதை மறுத்தமையே இரண்டினதும் குறை என்றும் கொண்டார்.

இவ்விளக்கம் ஆழமானது, எனினும், அரச தேவை எதுவரை செல்லும் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பகைவன் இறந்ததோடு அவனால் நகருக்கு நேர்ந்த ஆபத்தும் நீங்கிற்று. ஏதென்சின் வழக்கம் எல்லைக்கு அப்பாற் புதைப்பதைத் தடுக்கவில்லை. கிறியோனோ உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாக்குகின்றான். தேவை முடிந்த இடத்திலே பிடிவாதம் தொடங்குகின்றது. மக்கள் அன்ரிகனிக்காக இரங்குகின்றனர் என மகன் ஹைமன் எடுத்துரைத்தபோது, தான் ஆளவேண்டிய முறையை நகரமா கற்பிப்பது எனச் சினக்கின்றான். நகரின் பெயரால் விதிக்கப்பட்ட ஆணை, நகரின் குரலையே கேட்க மறுக்கும் நிலையை இவ்வாறு அடைகின்றது.

தீர்க்கதரிசி ரைறீசியஸ் எச்சரித்த பின்னரே அவன் மனம் மாறுகின்றான். முதலிற் பெண்ணை விடுவித்து, அதன்பின் இறந்தவனைப் புதைக்குமாறு முதியோர் கூறுகின்றனர். அவனோ உடலைப் புதைத்துவிட்டே குகைக்குச் செல்கின்றான். அதற்குள் அன்ரிகனி தன்னுயிரை மாய்த்துவிடுகின்றாள். மகனும் மனைவியும் அவ்வாறே மாய்கின்றனர்.

ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பாரிசில் 1944இல் மேடையேறிய ழான் அனுயியின் ‘அன்ரிகனி’யிற் கிறியோனின் வாதம் மேலும் நுட்பமானது. சகோதரர் இருவருமே கயவர் எனவும், சிதைந்த உடல்களுள் எது எவருடையது எனத் தெரியாமலே ஒன்றுக்கு அரச மரியாதை அளித்ததாகவும் அவன் ஒப்புக்கொள்கின்றான். தேவை எனப்பட்டது பொய்யொன்றைக் காக்கும் தேவையாக மாறிவிட்டது. சோபோக்கிளிசின் கிறியோன் இறுதியிற் குற்றத்தைத் தன்னதென ஏற்று உடைந்துபோகின்றான். அனுயியின் கிறியோன் ஆலோசனைக் கூட்டத்துக்குப் புறப்படுகின்றான்.

அன்ரிகனியும் குறையற்றவளல்லள், தண்டனையிற் பங்கேற்க முன்வந்த தங்கை இஸ்மினியைக் கடுஞ்சொல்லால் விலக்குகின்றாள். ஆயினும், தன் செயலின் விலையை அவளே செலுத்துகின்றாள். கிறியோனது தேவையின் விலையைப் பெரிதும் பிறரே செலுத்த நேர்கின்றது. தேவை ஒரு செயலுக்குக் காரணங் காட்டலாம். அதன் பழியைத் துடைத்துவிடாது. எனவே, தேவை என்னும் சொல்லை ஆள்வோர் எடுத்தாளும் போதெல்லாம், அஃது எதுவரை தேவை, அதன் விலையைச் செலுத்துவோர் யார் என வினவுவது குடிமக்களின் கடனாகும்.